ஊஞ்சலாடும் ஓடை

ஓடைக்குக் கயிறு கிடையாது, பலகை கிடையாது, பின்னால் நின்று தள்ளிவிட ஆளும் கிடையாது. இருந்தும் வஸீலாவின் காதுக்குள் அது ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை. சமையலறை மேசையில் முழங்கைகளை ஊன்றி, ஹெட்போனை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, அதே அரை நிமிடத்தைப் பதினோராவது முறையாகக் கேட்டாள். ஃபதீலா சித்தி பாடுகிறாள். குரல் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் ஏறத்தாழ ஒரே அளவில் வருகிறது. பின்னால் ஓடைச் சத்தம். சளசளவென்று பெருகிக் காதோரம் வருகிறது. நான்கு எண்ணுவதற்குள் பின்வாங்கி அடங்குகிறது. மறுபடி வருகிறது. கண்ணை மூடினால், சித்தி தோட்டத்தில் அசையாமல் நிற்க, ஓடை மட்டும் மரத்தில் கயிறு கட்டி ஆடுவதுபோல இருந்தது.

ஆடியது சித்திதான். வஸீலா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். கைப்பேசியை ஊஞ்சலுக்கு எதிரே ஒரு கல்லின்மேல் வைத்ததும் அவளேதான். பிறகு எப்படி ஓடை ஆடும்?

கனவு மாதிரி அழகாகத்தான் இருந்தது. சித்திக்குத்தான் பிடிக்கவில்லை. போன சனிக்கிழமை போட்டுக் காட்டியபோது பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டாள்.

"இது நான் இல்லடி. யாரோ கிணத்துக்குள்ளேருந்து பாடுறா. அழிச்சிடு."

வஸீலா அழிக்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. நாள் வேறு குறைந்துகொண்டே வந்தது. சித்தியின் கழுத்தில், தொண்டைக்குக் கீழே, பேரீச்சங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. நாளை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை. டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: "உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டியே போகுது. குரல் இப்படியே திரும்பி வரலாம். கொஞ்சம் கரகரத்தும் வரலாம்." சித்தி முகத்தில் ஒன்றையும் காட்டாமல் கேட்டுக்கொண்டாள். படியிறங்கும்போதுதான் வஸீலாவின் கையைப் பிடித்தாள். "அம்பத்தாறு வயசாச்சு. இந்தத் திலெம்சான் ஊர்ல பாதிப் பேர் என் குரலைக் கேட்டாச்சு. நான் கேட்டதே இல்லையே!"

சித்தி பாடுவது ஹவ்ஃபி. பெண்கள் தோட்டத்தில் ஊஞ்சலாடிக்கொண்டே பாடுகிற நான்கடிப் பாட்டு. ஊஞ்சலில் இருப்பவள் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, தரையில் இருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வீட்டுக்குள் நாற்காலி போட்டுப் பாடச் சொல்லிப் பார்த்தாயிற்று. மூன்றாவது அடியில் நின்றுவிடுகிறாள். "முன்னால போகும்போது மூச்சு வெளிய போகுது, பின்னால வரும்போது உள்ள வருது. ஊஞ்சல் நின்னா அடுத்த அடி எனக்கு எங்கேருந்து வரும்?" என்பது அவள் வாதம். ஊஞ்சல் இல்லாமல் பாட்டு இல்லை. இன்றோடு விட்டால் இந்தக் குரலோடு ஊஞ்சலும் இல்லை.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான் சுக்ரி. வஸீலாவின் அண்ணன். கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கரும் மைக்கும் கட்டுகிறவன். காப்பிப் பாத்திரத்தை அவனே எடுத்து ஊற்றிக்கொண்டான்.

"இன்னுமா அதையே கேட்டுக்கிட்டிருக்க? காது தேஞ்சிடும்டி."

"கண்ணாடி தேய்க்கிறவளுக்குக் காது தேஞ்சா என்ன?" வஸீலா மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவள். "அண்ணா, சத்தியமா சொல்லு. ஓடை எப்படி ஆடும்?"

அவன் ஹெட்போனை வாங்கி ஒரு காதில் மட்டும் வைத்தான். பாதிக் காப்பி குடிப்பதற்குள் சிரித்துவிட்டான்.

"ஓடை எங்கயும் போகலை. உன் போனுக்குள்ள ஒரு அவசரக்காரன் உட்கார்ந்திருக்கான். சத்தம் குறைஞ்சா வால்யூம் திருகை ஏத்துவான், கூடினா இறக்குவான். யாரும் சொல்ல வேண்டாம், தானாவே செய்வான். சித்தி பின்னால போறா, குரல் குறையுது, உடனே ஏத்துறான். ஏத்தினா குரல் மட்டுமா ஏறும்? பக்கத்துல இருக்கிற ஓடையும் சேர்ந்துதானே ஏறும்! முன்னால வர்றா, இறக்குறான். ஓடையும் இறங்கிடுது."

வஸீலா மேசையிலிருந்து முழங்கைகளை எடுத்தாள். ஒரு வாரமாக உறுத்திக்கொண்டிருந்த முடிச்சு இவ்வளவு சுலபமாக அவிழ்ந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

"அப்போ அந்த அவசரக்காரனை வெளிய அனுப்பிட்டா?"

"ஓடை நிக்கும். சித்தி குரல் ஆடும். கிட்ட வந்தா இடி, எட்டப் போனா ஈ." காப்பியை முடித்தான். "அதுக்குத்தான் சொல்றேன், நல்ல மைக் வேணும். கிளம்பு. லத்தீஃப் கடை பன்னெண்டு மணிக்கு மூடிடும்."

"நீ ஒருநாளாவது சித்தி ஊஞ்சலாடிப் பாடுறதைப் பார்த்திருக்கியா?"

சுக்ரி யோசித்தான். "எட்டு வயசு வரைக்கும். அதுக்கப்புறம் யாரு என்னை உள்ள விட்டா?"

ஊஞ்சல் கட்டிய தோட்டத்துக்குள் ஆண்கள் வரமாட்டார்கள். யாரும் பலகை எழுதி மாட்டவில்லை, காவலுக்கு யாரும் நிற்பதுமில்லை. கூடையும் கம்பளமுமாகப் பெண்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, கூப்பிடும்வரை சீட்டாடுவார்கள். அதனால்தான் இந்த ஊரில் மைக் தெரிந்தவர்களுக்கு ஊஞ்சல் தெரியாது, ஊஞ்சல் தெரிந்தவர்களுக்கு மைக் தெரியாது.

*

சி லத்தீஃப் கடையின் முன்பக்கம் முழுக்க ஊத் வாத்தியத்து நரம்பும் வயலின் வில்லும். ஊரில் மரியாதைக்கு ஆணை 'சி' என்பார்கள், பெண்ணை 'லல்லா' என்பார்கள். மைக்குகள் பின் அலமாரியில், பழைய பல்செட்டுகள்போல வரிசையாகக் கிடக்கும்.

"எவ்வளவு வச்சிருக்க மகளே?"

"ரெண்டு மில்லியன்." இருபதாயிரம் தினாரை ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லும்போது பணக்காரி மாதிரி இருக்கும், கொடுக்கும்போது தெரியும்.

சுக்ரி யோசிக்கவே இல்லை. கனமான மேடை மைக் ஒன்றை எடுத்து நீட்டினான். "இதான். கீழ போட்டாலும் உடையாது. விலையும் முக்கால் மில்லியன். என் மண்டபத்துல பாட்டுக்காரன் இதைக் கடிச்சுத் தின்னுக்கிட்டே பாடுவான், அவ்வளவு நல்லா எடுக்கும்."

"சித்தி கடிக்கமாட்டாளே. கேட்டுப் பார்க்கலாம். அண்ணா, வெளிய போ. வாசல்லேருந்து பாட ஆரம்பிச்சு, நடந்து அந்தப் பழக்கடை வரைக்கும் போ."

"தெருவுலயா?"

"ஆயிரம் பேர் முன்னால 'ஆலோ, ஆலோ'ன்னு கத்துறவன்தானே!"

சி லத்தீஃப் வயிறு குலுங்கச் சிரித்தார். "போடா சுக்ரி. உன் குரலுக்கு எவனாவது காசு போட்டா ஆளுக்குப் பாதி."

சுக்ரி தெருவில் இறங்கிப் பாடிக்கொண்டே போனான். பழக்கடைக்காரன் தர்பூசணியைத் தட்டித் தாளம் போட்டான். கடைக்குள் வஸீலா ஹெட்போனில் கண்ணை மூடிக் கேட்டாள். அவன் வாசலில் இருந்தபோது குரல் பக்கத்திலிருந்தது. நான்கு எட்டு வைத்ததும் நூலாகிவிட்டது. திருகை ஏற்றினால் நூலைச் சுற்றி உஸ்ஸென்று ஒரு இரைச்சல்.

"ஏன் இப்படி?"

சி லத்தீஃபுக்கு விற்பதைவிட விளக்குவதில்தான் பிரியம். மைக்கின் வலைமூடியைத் திருகிக் கழற்றிக் காட்டினார். "இந்தச் சவ்வுக்குப் பின்னால செம்புக் கம்பிச் சுருள் ஒட்டியிருக்கு. காத்து வந்து சவ்வைத் தள்ளினா, சுருளையும் சேர்த்து நகர்த்தணும். கனமான கதவு மாதிரி. பக்கத்துல நின்னு தள்ளினா திறக்கும். தூரத்துலேருந்து ஊதினா அசையுமா? மேடையில அதுவே நல்லதாப் போச்சு. பாட்டுக்காரன் வாயை மட்டும் கேட்கும், பின்னால அடிக்கிற தர்பூக்கா மேளத்தைக் கேட்காது."

அடுத்தது சட்டையில் குத்துகிற பொத்தான் மைக், கம்பியில்லாதது. இதை மாட்டிக்கொண்டால் எங்கே ஆடினாலும் வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறாதே என்று வஸீலாவுக்கு முதலில் ஆசை பிறந்தது. தன் தலைத்துணியிலேயே குத்திக்கொண்டு நாலு தடவை குனிந்து நிமிர்ந்தாள். சோளக்காட்டில் மாடு புகுந்த சத்தம் கேட்டது. சித்தியோ முத்துச்சரம் போடாமல் ஊஞ்சலேறமாட்டாள். முத்து உரசும், பட்டு உரசும், ஊஞ்சல் காற்று முழுக்க நேரே வந்து மோதும். பதில் பாடுகிற பெண்களின் குரலும் இதில் ஏறாது.

"அந்த விரல் மாதிரி இருக்கே, அது?"

சி லத்தீஃப் தயங்கி எடுத்தார். விரல் தடிமனில், வெள்ளி நிறத்தில், ஒரு ஜோடி. பாட்டுப் பதிவுக்கூடம் ஒன்றை மூடும்போது வாங்கிப் போட்டதாம். "இதுல சுருளே கிடையாது. வெங்காயச் சருகைவிட மெல்லிசா ஒரு தகடு, பின்னால ஒரு மயிரிழை விட்டு இன்னொரு தகடு. அது கதவுன்னா இது சன்னல் திரை. மூச்சுப் பட்டாலே அசையும். ஆனா இதுக்குச் சாப்பாடு போடணும், மின்சாரம் ஊட்டாட்டி ஊமை."

"அண்ணனோட பதிவுப்பெட்டி பாட்டரியிலேருந்தே ஊட்டும்."

சுக்ரி மறுபடி தெருவுக்குப் போனான். இந்த முறை பழக்கடைக்கு அப்பாலும் அவன் குரல் குரலாகவே இருந்தது. சின்னதாக, முழுசாக. தர்பூசணி வெட்டும் கத்தி பலகையைத் தொட்டதுகூடக் கேட்டது. வஸீலா அதைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

"ஜோடியைப் பிரிக்கமாட்டேன் மகளே. மூணு மில்லியன்."

"எனக்கு ஒரு வாய்தானே பாடுது, சி லத்தீஃப்?"

அவர் சுக்ரியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ஒண்ணே முக்கால். ஃபதீலா லல்லாவோட குரலுக்காக. உனக்காக இல்ல."

*

தோட்டம் சகீனாவுடையது. சித்தியின் பக்கத்து வீட்டுக்காரி. ஊருக்கு வெளியே, மதிலுக்குள், செர்ரி மரங்களெல்லாம் சிவந்து நின்றன. நடுவில் ஒரு வாதுமை மரம். அதன் தாழ்ந்த கிளையில்தான் எப்போதும் ஊஞ்சல். மதிலுக்கு வெளியே சாலையில் சுக்ரியின் வண்டி, வண்டிக்குள் சுக்ரி, அவன் காதில் கைப்பேசி.

"மைக்கை எங்க வச்ச?"

"ஊஞ்சலுக்கு எதிர்ல, ஸ்டாண்டுல."

"சரி. அவசரக்காரனை அணைச்சியா?"

"அணைச்சேன்."

சித்தி பலகையில் ஏறி உட்கார்ந்தாள். முத்துச்சரத்தைச் சரிசெய்தாள், செருப்பை உதறினாள். சகீனா ஒரு தள்ளு தள்ளினாள். மே மாத வெயில் இலைகளுக்கிடையே பொட்டுப்பொட்டாகச் சித்தியின் மடியில் விழுந்து வழிந்தது. அவள் பாடினாள்:

*மேலே போனேன், கோபுரம் ஏழும் கண்டேன்.*
*கீழே வந்தேன், கொலுசைக் காணேன்.*

கம்பளத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் செர்ரிக் கொட்டையைத் துப்பிவிட்டு அதை வாங்கிப் பாடினார்கள். தேநீர் ஆறிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. காற்றே கொஞ்சம் மெதுவாகிவிட்டாற்போல இருந்தது.

வஸீலா மட்டும் பதிவுப்பெட்டியில் சத்தத்தை அளக்கும் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊஞ்சல் வரும்போது ஊசி சிவப்பைத் தொட்டது. போகும்போது தரையோடு படுத்தது. அண்ணன் சொன்னது சரி. ஓடை அசையாமல் நின்றுவிட்டது, இப்போது சித்தியின் குரல் ஆடியது. கணக்கும் கண்முன்னே இருந்தது. முன்னால் வரும்போது அவள் வாய்க்கும் மைக்குக்கும் ஒரு மீட்டர், பின்னால் போனால் நான்கு. தூரம் இரண்டு மடங்கானால் குரல் பாதியாகும், நான்கு மடங்கானால் கால். எவ்வளவு நல்ல மைக்காக இருந்தாலும் அது கேட்டதைத்தானே சொல்லும்?

பாட்டு முடிந்ததும் ஸ்டாண்டைத் தூக்கிப் பக்கவாட்டில், நன்றாகத் தள்ளி வைத்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் வண்டி மெதுவாகப் போவதுபோலத் தெரியுமல்லவா, அந்த எண்ணம்தான். சித்தி இரண்டாம் முறை பாடினாள். ஊசி அவ்வளவாக ஆடவில்லை. ஆனால் இப்போது குரலும் ஓடையும் ஒரே அளவு. யார் பாடுகிறார்கள், சித்தியா தண்ணீரா என்று பிரிக்க முடியவில்லை.

"என்னடி, உன் குழாய் என்ன சொல்லுது?" என்றாள் சகீனா. "மூணாம் தடவை பாடச் சொன்னா கூலி கேட்போம்."

சித்தி சிரிக்கவில்லை. ஊஞ்சலை நிறுத்திவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை பாடியபோது மூன்றாவது அடியில் குரல் லேசாக நூலிழை விட்டதை எல்லோரும் கவனித்திருந்தார்கள்.

"வஸீலா. இன்னும் ஒரே ஒரு தடவைதான். அதுக்கு மேல தொண்டை வராது. வரலேன்னா விட்டுடு, நான் கேட்காமலே போயிடுறேன்."

அந்த நேரம் பார்த்துச் சகீனாவின் கூடைக்குள் சித்தியின் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் நெஸ்ரின். பிரான்ஸில், லியோனில் இருக்கும் சித்தியின் மகள்.

"வை, வை. அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் சித்தி.

"அவகிட்ட ஆபரேஷனைச் சொல்லலையா ஃபதீலா?"

"திங்கட்கிழமை முடியட்டும். சொல்றேன்."

"எந்தக் குரல்ல?" என்றாள் சகீனா.

கேட்டபிறகுதான் அவளுக்கே சுட்டது. கைப்பேசி கூடைக்குள் தானாக அதிர்ந்து அடங்கியது. சித்தி பலகையிலிருந்து இறங்கி, ஓடைப்பக்கம் போய்க் கையில் தண்ணீர் அள்ளி முகத்தில் ஊற்றிக்கொண்டாள்.

வஸீலாவின் கைப்பேசியில் அண்ணன். "என்ன ஆச்சு? இன்னும் கிட்டக் கொண்டு போ. வாயோரமா வை."

"பலகையில உட்கார்ந்திருக்கிறவ வாயோரமா எப்படிண்ணா வைக்கிறது? நானும் கூட ஓடணுமா? கொஞ்ச நேரம் பேசாம இரு." வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு தடவை. எதிரே வைத்தால் குரல் ஆடுகிறது. போனை நம்பினால் ஓடை ஆடுகிறது. தள்ளி வைத்தால் குரலே கரைந்துபோகிறது. என்ன செய்வதென்று தெரியாமல், காலியாக இருந்த ஊஞ்சலில் அவளே உட்கார்ந்தாள். கால் தானாக உந்தியது.

சின்ன வயதுக்குப் பிறகு அவள் ஏறவேயில்லை. பலகையில் சித்தியின் சூடு இன்னும் இருந்தது. முதல் வீச்சில் வயிறு மிதந்தது. இரண்டாவதில் செர்ரி மரங்கள் ஓடிவந்து முகத்தருகே நின்று, வெட்கப்பட்டதுபோலத் திரும்பி ஓடின. ஓடை வந்தது, போனது. இது போனின் அவசரக்காரன் செய்கிற மாயமல்ல, உண்மையாகவே அவள் ஓடைக்குக் கிட்டப் போய் எட்ட வந்துகொண்டிருந்தாள். கம்பளம் வந்தது, போனது. சகீனாவின் முகம் நிலாவளவு பெருத்து நாணயமளவு சிறுத்தது. ஸ்டாண்டும் அதன் நுனியில் வெள்ளி விரலும் வந்தன, போயின. உலகம் முழுக்க அவளிடம் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமலே திரும்பிக்கொண்டிருந்தது.

தலை கிறுகிறுத்தது. வராமல் போகாமல் ஏதாவது ஒன்றைப் பார்த்தால் தேவலை என்று அண்ணாந்தாள்.

மேலே கிளை. முன்னால் போனாள், கிளை அங்கேயே இருந்தது. பின்னால் வந்தாள், அங்கேயே இருந்தது. அது பெருக்கவில்லை, சிறுக்கவில்லை. கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். கைகள் பிடித்திருந்த இரண்டு கயிறுகளும் விறைப்பாக அதை நோக்கிப் போயின.

அவள் காலைத் தரையில் ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினாள்.

"சகீனாக்கா! செர்ரி பறிக்கிற ஏணி எங்க?"

"என்னடி ஆச்சு இவளுக்கு?"

"ஏணி! சீக்கிரம்!"

ஏணி வந்தது. சகீனா கீழே பிடித்துக்கொள்ள, பாவாடையை முடிந்துகொண்டு வஸீலா ஏறினாள். மைக்கைக் கிளையோடு சேர்த்துக் கட்டி, ஹெட்போனை மாட்டி, ஊஞ்சலை ஆட்டச் சொன்னாள். கிறீச் என்றது. கயிறு பட்டையில் உரசுவதெல்லாம் மரத்தின் வழியாக ஏறி நேராக மைக்குக்குள் வந்தது. கிளைக்கே வாய் முளைத்ததுபோல. மரத்தைத் தொடாமல், ஆனால் மரத்தோடு இருக்க வேண்டும்.

"முடி கட்டுற ரப்பர் யார்கிட்ட இருக்கு? எல்லாத்தையும் குடுங்க!"

தலைத்துணிகளுக்குள் கைகள் போயின. ஆறு ரப்பர் வளையங்கள் சேர்ந்தன. இரண்டு கயிறுகளுக்கும் நடுவில் கிளையைச் சுற்றி ரப்பரை மாட்டி, அந்த ரப்பர்த் தொட்டிலில் வெள்ளி விரலைப் படுக்கவிடாமல் தலைகீழாக நிறுத்தினாள். நுனி கீழே பார்த்தது. காற்று இரையாமலிருக்க அதன்மேல் ஒரு கம்பளிக் காலுறையை மாட்டினாள். கயிறு சுற்றிய இடத்தில் சகீனா கொடுத்த சவுக்காரத்தைத் தேய்த்தாள். மீதி வயரை அடிமரத்தோடு இறக்கிப் பெட்டியில் செருகினாள்.

சித்தி முகத்தைத் துடைத்தபடி வந்து அண்ணாந்து பார்த்தாள். "என்னடி இது, மரத்துக்குக் காலுறை போட்டிருக்க?"

"ஏறு சித்தி. தொண்டையை யோசிக்காதே. என்னையும் யோசிக்காதே."

சகீனா தள்ளினாள்.

சித்தி முன்னால் போனாள், முதல் அடி பிறந்தது. வஸீலா ஊசியைப் பார்த்தாள். பின்னால் வந்தாள். ஊசி மூச்சுவிடுவதுபோல லேசாக அசைந்து அங்கேயே நின்றது. பெண்கள் வாங்கிப் பாடினார்கள். அவர்கள் குரல் சற்றுத் தள்ளி, கம்பளத்தில் உட்கார்ந்திருப்பது தெரியும்படி கேட்டது. அதற்கும் அப்பால் ஓடை, ஏறாமல் இறங்காமல், ஓடை ஓடுகிற மாதிரியே ஓடியது. மூன்றாவது அடியில் சித்தியின் குரல் அந்த நூலிழை இடத்துக்கு வந்து, கொஞ்சம் நடுங்கி, தாண்டிப் போனது. வஸீலாவுக்குப் பெட்டியின் எண்கள் மங்கலாகத் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை எடுக்கவில்லை, எடுத்தால் வயர் அசையும்.

பாட்டு முடிந்தது. ஊஞ்சல் தானாக அடங்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

சித்தி பலகையில் உட்கார்ந்தபடியே ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வஸீலா அழுத்தினாள். சித்தியின் கண்கள் எதையும் பார்க்காமல் நின்றன. கொஞ்ச நேரத்தில் அவள் வெறுங்கால் புல்லை உந்தத் தொடங்கியது, மெல்ல, பாட்டின் மூச்சுக்குச் சரியாக. வாய் மட்டும் அசைந்தது. மூன்றாவது அடியில் கை கழுத்துக்குப் போனது, அங்கேயே தங்கியது. நான்காவது அடியும் முடிந்த பிறகு, மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லி விரலைச் சுழற்றினாள். மூன்று தடவை கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அழிச்சிடாதடி."

வஸீலாவின் கைப்பேசி அடித்தது. அண்ணன். மதிலுக்கு அப்பால், வண்டிக்கு வெளியே நின்று கேட்டிருப்பான்போல. காற்றுச் சத்தம் வந்தது.

"வஸீ... ஊசி?"

"நின்னுடுச்சுண்ணா. ஆடவே இல்ல."

"எங்கடி வச்ச?"

"கிளையில. ஊஞ்சல் கட்டியிருக்கிற அதே கிளையில, ரெண்டு கயித்துக்கும் நடுவுல, கீழ பார்த்தமாதிரி, ரப்பர்ல தொங்கவிட்டிருக்கேன். அவ முன்னால போனாலும் பின்னால போனாலும் கிளைக்கும் அவளுக்கும் தூரம் மாறாது. கயிறு நீளாதே!"